மறதியிலிருந்து மீளும் செய்திவலை

தொலைவிலுள்ள இருவர் டெலிபோன் மூலம் உரையாடும்போது இரண்டு வகைச் செய்திகள் பயணம் செய்கின்றன. அவ்விருவரும் பேசிக்கொள்ளும் சொற்கள் ஒரு வகை. அச்சொற்கள் செல்லுதற்குரிய வழியை அமைக்கும்பொருட்டு நிலையங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் குறிப்புகள் மற்றொரு வகை. “இன்ன எண்ணுக்கு வழி வேண்டும்”, “வழி அமைந்துவிட்டது”, “பேச்சு முடிந்தது, வழியைக் கலைத்துவிடலாம்” என்பன போன்றவை அக்குறிப்புகள். முதல் வகைச் செய்தியை நாம் காதாரக் கேட்கிறோம். இரண்டாம் வகை நம் காதுக்கு எட்டுவதில்லை; ஆயினும் அது இன்றேல் முதலாவதும் இல்லை. இந்த இரண்டாம் வகைச் செய்திக்குச் சமிக்ஞை என்று பெயர்.

சமிக்ஞையைப் பெறும் ஒவ்வொரு நிலையமும் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வழி யாருக்காக அமைக்கப்பட்டது, அது எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது, அதற்கென்று எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்னும் விவரங்களின் தொகுதியை நிலைக்குறிப்பு என்போம். நிலையத்தின் மூளை போன்ற பகுதி திடீரெனப் பழுதுற்று, மீண்டும் எழும்போது இக்குறிப்பையெல்லாம் மறந்திருந்தால் என்ன செய்வது? மறந்ததை யாரிடம் கேட்டுப் பெறுவது? பெறுகிற வரையில் அவ்வழியே பேசிக்கொண்டிருப்போரின் கதி யாது? இக்கேள்விகளையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

தொடக்க காலத்து டெலிபோன் நிலையத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். துளைகள் நிறைந்த ஒரு பலகையின் முன் ஊழியர் ஒருவர் அமர்ந்திருப்பார். அழைப்பு வந்ததும், ஒரு கயிற்றின் இரு முனைகளையும் உரிய இரண்டு துளைகளில் செருகி, இருவரையும் இணைத்து வைப்பார். அந்த ஊழியர் தற்செயலாக மயங்கிச் சாய்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். செருகிய கயிறுகள் செருகியபடியே இருக்கும். ஆகையால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்போரின் பேச்சு அறுபடாது. புதிதாக அழைப்போர்க்கு மட்டும் விடை கிடைக்காது. சிறிது நேரத்தில் மற்றோர் ஊழியர் வந்து அமர்கிறார். அவர் அவசரப்பட்டு எல்லாக் கயிறுகளையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாரேயானால் அது பேதைமை. பலகையை ஒருமுறை உற்று நோக்கி, எந்தக் கயிறு எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதை அறிந்து, ஐயம் தோன்றுமிடத்து இரு முனையிலும் உள்ளோரை விசாரித்து, பின்னர்த் தம் பணியை மேற்கொள்வாரேயானால் அதுவே விவேகம். இன்றைய வலைகளில் மறதியிலிருந்து மீளும் கலை முழுவதும் இச்சிறிய காட்சியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஊழியரின் இடத்தை இயந்திரம் பெறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-ஆம் ஆண்டில் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முறையைப் பின்பற்றி எழுந்த நிலையங்களில், ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் உலோகக் கை உரிய எண்ணில் சென்று நின்றது. அது நின்ற இடமே அவ்வழைப்பின் நினைவு. ஒரு கை பழுதானால் ஓர் அழைப்பு கெடும். மற்றவை தம்பாட்டில் நடக்கும். நினைவு ஓரிடத்தில் குவியாமல் நிலையம் முழுவதும் சிதறிக் கிடந்தமையால் மறதியும் சிறிது சிறிதாகவே நேர்ந்தது.

1965-இல் நியூஜெர்ஸி மாநிலத்திலுள்ள சக்கசன்னா என்னும் ஊரில், நினைவகத்தில் எழுதி வைத்த ஆணைத்தொடரைக் கொண்டு இயங்கும் மின்னணு நிலையம் பொதுமக்கள் பயனுக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் நிலையத்தின் அறிவு ஒரு மையக் கணிப்பொறியில் குவியலாயிற்று. 1976 முதல் அமெரிக்காவின் நெடுந்தொலைவு வலையில் சமிக்ஞைகளும் பேச்சு செல்லும் வழியை விட்டுப் பிரிந்து, தமக்கெனத் தனிக் கம்பிகளில் செல்லத் தொடங்கின. அதற்கு முன்பு பேச்சு செல்லும் கம்பியிலேயே சமிக்ஞையும் சென்றது. விநாடிக்கு 2600 அதிர்வுகள் கொண்ட ஓசையை எழுப்பிச் சிலர் நிலையத்தை ஏமாற்றிக் கட்டணமின்றிப் பேசி வந்தனர். அத்தீங்கு நீங்கியது; வேகமும் கூடிற்று. ஆனால் பேச்சு ஒரு வழியிலும் அதனை ஆளும் அறிவு வேறொரு வழியிலும் செல்லத் தொடங்கியபின், ஒன்று உயிரோடிருக்க மற்றொன்று மட்டும் மாண்டுபோகும் நிலையும் ஏற்பட்டது. குவிந்த அறிவு பெரும் ஆற்றலைத் தந்தது. அதனுடன் பெரும் மறதிக்கும் இடம் கொடுத்தது.

இனி, இக்காலத்து இணைய வலையைக் காண்போம். இங்கே செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு நிலையம் விட்டு நிலையம் தாவிச் செல்கின்றன. பொட்டலத்தை வாங்கி உரிய திசையில் தள்ளும் கருவிக்கு ரௌட்டர் என்று பெயர். பெரிய ரௌட்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கடத்தும் பகுதி. அட்டவணையைப் பார்த்துப் பொட்டலங்களை மின்னல் வேகத்தில் இப்பக்கமிருந்து அப்பக்கம் தள்ளுவது அதன் வேலை. மற்றொன்று கட்டுப்பாட்டுப் பகுதி. அண்டை நிலையங்களோடு சமிக்ஞை பேசி, அவ்வட்டவணையை எழுதித் தருவது இதன் வேலை. முன்னே கூறிய பலகையும் கயிறும் கடத்தும் பகுதியாகும். ஊழியர் கட்டுப்பாட்டுப் பகுதியாவார்.

வங்கிகளும் மருத்துவமனைகளும் தமக்கென்று உறுதியான பாதை வேண்டும் என்று கேட்பதுண்டு. அதற்காக எம்.பி.எல்.எஸ். என்னும் முறை வகுக்கப்பட்டு, 2001-இல் அதன் அமைப்பு வெளியிடப்பட்டது. இம்முறையில் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஒரு சிறிய எண்சீட்டு ஒட்டப்படும். ரௌட்டர் அந்தச் சீட்டின் எண்ணை மட்டும் பார்த்து, அதைக் கிழித்து வேறொரு சீட்டை ஒட்டி அடுத்த நிலையத்துக்கு அனுப்பிவிடும். எந்தச் சீட்டுக்கு எந்தச் சீட்டு என்பதை நிலையங்கள் தமக்குள் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்பேச்சுக்குரிய நெறிமுறைகளுள் முதன்மையானது ஆர்.எஸ்.வி.பி. எனப்படுவது.

அது நடைபெறும் விதம் எளியது. வாய்க்காலில் மேல்மடை, கடைமடை என்று நாம் பிரிப்பதுபோலப் பாதையிலும் மேலை நிலையம், நடு நிலையம், கீழை நிலையம் என்று மூன்றை வைத்துக்கொள்வோம். பாதை வேண்டும் என்னும் விண்ணப்பம் மேலையிலிருந்து கீழை நோக்கிச் செல்கிறது. அதற்குப் பாதைச் செய்தி என்று பெயர். ஒப்புதல் கீழையிலிருந்து மேலை நோக்கித் திரும்பி வருகிறது. அது ஒதுக்கீட்டுச் செய்தி. திரும்பி வரும்போது கீழை நிலையம் நடு நிலையத்தைப் பார்த்து, “இப்பாதைக்குரிய பொட்டலங்களை 64-ஆம் எண் சீட்டுடன் எனக்கு அனுப்புக” என்கிறது. நடு நிலையம் மேலை நிலையத்தைப் பார்த்து, “எனக்கு 27-ஆம் எண் சீட்டுடன் அனுப்புக” என்கிறது. பிறகு தன் கடத்தும் பகுதியில், “27 வந்தால் 64 ஆக்கிக் கீழே அனுப்பு” என்று எழுதி வைக்கிறது. இத்தகைய வரிகள் ஒரு நிலையத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும்.

இப்போது நடு நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் பழுதுற்று நின்றுவிட்டது என்க. ஆணைத்தொடரில் ஒரு பிழை இருந்திருக்கலாம். நினைவகம் நிரம்பி வழிந்திருக்கலாம். புதிய ஆணைத்தொடரை ஏற்றுவதற்காகப் பராமரிப்பாளரே நிறுத்தியிருக்கலாம். கடத்தும் பகுதியோ நலமாயிருக்கிறது. 27 வந்தால் 64 ஆக்கி அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. இந்நிலையில் மூன்று அபாயங்கள் காத்திருக்கின்றன.

முதலாவது, அண்டை நிலையங்களின் அவசரம். நடு நிலையம் சமிக்ஞைக்கு விடையளிக்கவில்லை என்பதைக் கண்டு, அது மாண்டது என்று அவை முடிவு கட்டிப் பாதைகளைக் கலைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருந்த செய்தி வீணாக அறுபடும். இரண்டாவது, மீண்டெழுந்த நிலையத்தின் குழப்பம். பழையதை மறந்த நடு நிலையம், 27-ஆம் எண் யாருக்கும் தரப்படவில்லை என்று எண்ணி அதனை வேறொரு புதிய பாதைக்குக் கொடுத்துவிட்டால், ஒருவர் செய்தி மற்றொருவரிடம் போய்ச் சேரும். மூன்றாவது, பழங்குப்பை. மூளை மயங்கியிருந்த வேளையில் ஒரு பாதை முடிந்து போயிருக்கலாம்; அதற்குரிய வரி மட்டும் கடத்தும் பகுதியில் நீங்காமல் தங்கி, பிறருக்குப் பயன்பட வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவசரம், குழப்பம், குப்பை ஆகிய இம்மூன்றையும் தவிர்ப்பதே மீட்சி முறையின் நோக்கம்.

இதற்கு முதல் விடையாக எழுந்த கருத்து மிக அழகியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிளார்க் 1988-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இடைநிலையங்கள் வைத்திருக்கும் நினைவு அழிந்தாலும் பெருங்கேடு விளையாதபடி இருக்க வேண்டும் என்று விளக்கி, அத்தகைய நினைவை மென்னிலை என்னும் பொருள்படப் பெயரிட்டார். இன்றியமையாத நினைவு பேச்சின் இரு முனைகளிலும் இருக்கட்டும். இடையிலுள்ளோர்க்கு முனையிலுள்ளோர் அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டேயிருக்கட்டும். இடையிலுள்ள ஒருவர் மறந்தாலும் அடுத்த நினைவூட்டலில் மீண்டும் அறிந்துகொள்வார் என்பது அதன் சாரம்.

1997-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.வி.பி. இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு நிலையமும் ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒருமுறை தன் அண்டை நிலையத்துக்கு அதே பாதைச் செய்தியையும் ஒதுக்கீட்டுச் செய்தியையும் மீண்டும் மீண்டும் அனுப்பும். நினைவூட்டல் நின்றுவிட்டால் எவ்வளவு காலம் பொறுப்பது? இரண்டொரு செய்தி வழியில் தொலைந்து போவது இயல்பு. ஆகவே மூன்றுடன் அரையைக் கூட்டி, அதனை ஒன்றரையாலும் 30 விநாடியாலும் பெருக்கினால் வரும் 157.5 விநாடி வரை பொறுக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். அதன் பின்னரும் நினைவூட்டல் வாராதேல், அப்பாதையை மறந்துவிடலாம். மறப்பதற்கும் ஒரு கணக்கு வகுத்த நெறிமுறை இது.

மென்னிலை சிறந்த கருத்தே; எனினும் அதுமட்டும் போதவில்லை. ஆயிரக்கணக்கான பாதைகள் உள்ள இடத்தில் 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் நினைவூட்டுவது பெரும் சுமையாயிற்று. பல பாதைகளுக்குரிய நினைவூட்டலை ஒரே சுருக்கச் செய்தியில் அடக்கும் முறை 2001-இல் சேர்க்கப்பட்டுச் சுமை தணிந்தது. ஆனால் மற்றொரு குறை நின்றது. மறந்துபோன நடு நிலையத்துக்கு மேலை நிலையத்தின் நினைவூட்டல் வரும்போது, அது புதிய விண்ணப்பம் போலவே தோன்றும். நடு நிலையம் புதிய சீட்டெண் ஒன்றை வழங்கும்; பழைய எண்ணை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் செய்தி அக்கணமே தடுமாறும். மேலும், ஒளிக்கதிர் வழியே செய்தி செல்லும் கண்ணாடி இழை வலைகளில் சமிக்ஞை ஒரு வழியிலும் செய்தி வேறொரு வழியிலும் செல்லலாம். சமிக்ஞைக் கம்பி அறுந்ததைக் கண்டு, நன்றாகச் சென்றுகொண்டிருக்கும் ஒளிப்பாதையைக் கலைப்பது நியாயமாகுமா?

இதற்கு விடையாக, இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் எஞ்சினியர் குழு 2003-இல் ஆர்.எஃப்.சி. 3473 என்னும் ஆவணத்தை வெளியிட்டது. நயமான மறுதொடக்கம் என்று வழங்கும் முறை அதில் விளக்கப்பட்டுள்ளது. அதன் படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அண்டை நிலையங்கள் இரண்டும் இடைவிடாது ஹலோ என்னும் சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு நிலையமும் அச்செய்தியில் தனது பிறவி எண் போன்றதோர் எண்ணைக் குறிப்பிடும். கட்டுப்பாட்டுப் பகுதி மாண்டு மீண்டும் எழுந்தால் அந்த எண் மாறிவிடும். இதனால் ஒரு நுட்பமான வேறுபாடு விளங்குகிறது. ஹலோ நின்று மீண்டும் வரும்போது பழைய எண்ணே இருந்தால், இடையில் கம்பிதான் அறுந்திருந்தது. அந்நிலையம் எதையும் மறக்கவில்லை. எண் மாறியிருந்தால் அது புதுப்பிறவி, மறந்திருக்கக்கூடும். நோய் இன்னதென்று தெரிந்தாலன்றோ மருந்தும் தெரியும்?

இத்துடன் ஒவ்வொரு நிலையமும், தான் நலமாயிருக்கும் காலத்திலேயே, இரண்டு கால அளவுகளை அண்டை நிலையத்துக்குச் சொல்லி வைக்கிறது. “நான் மயங்கி விழுந்தால், எழுவதற்கு இவ்வளவு நேரம் ஆகலாம், அதுவரை பொறுத்திருங்கள்” என்பது முதலாவது. “எழுந்தபின் பழையவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ள இவ்வளவு நேரம் தாருங்கள்” என்பது இரண்டாவது. மீண்டெழும்போது இரண்டாவது அளவு சுழி என்று அறிவிக்கப்படுமானால், கடத்தும் பகுதியும் அழிந்துவிட்டது, காப்பாற்றத்தக்கது எதுவும் எஞ்சவில்லை என்று பொருள். உண்மை நிலையை மறைக்காமல் கூறுவது இம்முறைக்கு உயிர்நாடி.

நடு நிலையத்தின் ஹலோ நின்றுவிட்டது. மேலையும் கீழையும் அவசரப்படுவதில்லை. நினைவூட்டல் வந்துகொண்டேயிருப்பதாகப் பாவித்து, தம்மிடமுள்ள குறிப்புகளை அப்படியே காத்து நிற்கின்றன. குறித்த நேரத்துக்குள் அது எழாவிடில்தான் மாண்டதாகக் கொள்ளும். எழுந்துவிட்டால், அடுத்த படி தொடங்குகிறது.

எழுந்த நடு நிலையம் தன் கடத்தும் பகுதியைத் திறந்து பார்க்கிறது. வரிகள் இருக்கின்றன, அவை யாருக்குரியவை என்பது மட்டும் தெரியவில்லை. உடனே எல்லா வரிகளுக்கும் “ஐயத்துக்குரியது” என்று ஓர் அடையாளம் இடுகிறது, எதையும் அழிப்பதில்லை. இதற்குள் மேலை நிலையம் ஒவ்வொரு பாதைக்கும் பாதைச் செய்தியை மீண்டும் அனுப்புகிறது. அதில், “முன்பு இப்பாதைக்கு நீ எனக்குத் தந்த சீட்டெண் 27” என்னும் குறிப்பும் இருக்கும். நடு நிலையம் தன் அட்டவணையில் 27-ஐத் தேடுகிறது. “27 வந்தால் 64” என்னும் வரியைக் காண்கிறது. அடையாளத்தை நீக்கி, “இது இன்ன பாதைக்குரியது” என்று தன் நினைவில் எழுதிக்கொள்கிறது. பின்பு 64-ஆம் எண்ணைக் குறிப்பிட்டுக் கீழை நிலையத்துக்குப் பாதைச் செய்தியை அனுப்புகிறது. கீழை நிலையம் தன்னிடமுள்ள குறிப்போடு அது ஒத்திருப்பதைக் கண்டு ஒதுக்கீட்டுச் செய்தியால் உறுதி செய்கிறது. இவ்வளவும் நடைபெறும் வேளையில் அப்பாதையில் ஓடும் பொட்டலங்கள் ஒரு கணமும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீட்சிக்கென்று கேட்ட காலம் முடிந்ததும், இன்னும் ஐய அடையாளம் நீங்காமல் எஞ்சியிருக்கும் வரிகளை நடு நிலையம் அழித்துவிடுகிறது. அவற்றுக்கு உரிமை கொண்டாட யாரும் வரவில்லையாதலால் அவை பழங்குப்பை. இவ்வாறு அண்டையாரின் பொறுமையால் அவசரமும், சீட்டெண் நினைவூட்டலால் குழப்பமும், கால எல்லையால் குப்பையும் நீங்கின.

எனினும் ஓரிடத்தில் இம்முறை தடுமாறிற்று. பாதை தொடங்கும் தலை நிலையமே மறந்துவிட்டால், அதற்கு மேலே நின்று நினைவூட்ட யாருமில்லை. மேலும், பாதை எந்தெந்த ஊர் வழியே செல்ல வேண்டும் என்று தலை நிலையம் கணக்கிட்டு வகுத்த திட்டமும் அதன் நினைவோடு போய்விடும். இக்குறையை நீக்க 2007-இல் ஆர்.எஃப்.சி. 5063 வெளியாயிற்று. அதன்படி, கீழை நிலையம் தான் முன்பு பெற்ற பாதைச் செய்தியின் உள்ளடக்கத்தை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. “முன்பு நீ எனக்குச் சொல்லியது இது” என்று மாணவன் ஆசிரியருக்குப் பாடத்தை ஒப்புவிப்பது போன்றது இது. இதனால் தலை நிலையமும் தன் சொந்தத் திட்டத்தைப் பிறர் வாயிலாக மீண்டும் பெறுகிறது. ஆனால் அடுத்தடுத்த இரு நிலையங்கள் ஒரே வேளையில் மறக்குமாயின், சாட்சியே சாட்சியை இழந்ததாகும். அப்போது மீட்சி கடினம். முதலில் ஒன்று நினைவு பெற்ற பின்னரே அது மற்றொன்றுக்குத் துணை நிற்க இயலும்.

விழுவதைக் காட்டிலும் எழுவது ஆபத்தானதாக ஆகக்கூடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1990 ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகலில், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்து நெடுந்தொலைவு வலையில் நியூயார்க் நிலையம் ஒன்றில் சிறு பழுது நேர்ந்தது. வகுத்த முறைப்படி அந்நிலையம், “சிறிது நேரம் எனக்கு அழைப்பு அனுப்பற்க” என்று மற்றவற்றுக்கு அறிவித்துவிட்டுத் தன்னைத் தானே சீர்செய்துகொண்டது. சில விநாடிகளில் எழுந்து, தேங்கிய அழைப்புகளை அனுப்பத் தொடங்கிற்று. அவ்வலையின் 114 நிலையங்களிலும் முந்திய டிசம்பரில் புதிய ஆணைத்தொடர் ஏற்றப்பட்டிருந்தது. எழுந்த நிலையத்திடமிருந்து வரும் முதல் அழைப்பையே அது நலமடைந்ததற்கு அறிகுறியாகக் கொண்டு, அண்டை நிலையங்கள் தம் குறிப்பைத் திருத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. அவ்வாறு திருத்திக்கொண்டிருக்கும் நொடிப் பொழுதுக்குள் இரண்டாவது செய்தியும் வந்து சேர்ந்தால், ஆணைத்தொடரில் தவறான இடத்தில் நின்ற ஒரே ஒரு கட்டளையால் நினைவகம் சிதைந்தது. சிதைந்ததை உணர்ந்த அண்டை நிலையமும் தன்னைச் சீர்செய்துகொள்ள விழுந்தது, எழுந்தது, அது எழுந்த வேகம் அதன் அண்டை நிலையத்தை வீழ்த்திற்று.

இவ்வாறு ஏறத்தாழ 9 மணி நேரம் 114 நிலையங்களும் விழுவதும் எழுவதுமாக இருந்தன. அவ்வலையின் வழியே அழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்க்கு வழி கிடைக்கவில்லை. கம்பிகள் அறுபடவில்லை, இயந்திரங்கள் எரிந்து போகவில்லை, ஒவ்வொரு நிலையமும் தன்னளவில் மீள்வதற்குரிய முறையைப் பிசகாமல் பின்பற்றியே வந்தது. எல்லா நிலையங்களிலும் ஒரே பிழை குடியிருந்ததனால் மீட்சியே தொற்றுநோயாகப் பரவியது. சமிக்ஞைகளின் சுமையைப் பொறியியலாளர் குறைத்த பின்பே, அன்றிரவு வலை அமைதியுற்றது. ஆர்.எஃப்.சி. 3473-இல் மறுதொடக்கத்துக்கென்று கால அளவுகள் வகுக்கப்பட்டிருப்பதன் அருமை இப்போது விளங்கும். எழுந்தவுடன் எல்லாரும் ஒருங்கே அவன்மேல் பாய்ந்து பேசினால் எழுந்தவன் மீண்டும் விழுவான்.

மற்றொரு சான்று கனடாவில் 2022 ஜூலை 8-ஆம் நாள் நிகழ்ந்தது. ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையில் மேம்பாட்டுப் பணி நடைபெற்றபோது, வழித்தகவல்களை அளவாக வடிகட்டி அனுப்பும் ஒரு தடுப்பு நீக்கப்பட்டது. தகவல் வெள்ளம் மைய ரௌட்டர்களுள் புகுந்து, அவற்றின் நினைவகத்தை நிரப்பி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் டெலிபோனும் இணையமுமின்றித் தவித்தனர். கடைகளில் வங்கி அட்டை மூலம் பணம் செலுத்துவதும் தடைப்பட்டது. ரௌட்டர்களைத் தொலைவிலிருந்து சீர்செய்யப் பராமரிப்பாளர் பயன்படுத்தும் வழியும் அதே மைய வலையைச் சார்ந்திருந்தமையால், நோயாளியின் அறைச் சாவி அறைக்குள்ளேயே பூட்டப்பட்டது போலாயிற்று.

அந்நிகழ்ச்சியில் மிகவும் வருந்தத்தக்க பகுதி ஒன்று உண்டு. கனடாவில் ஆபத்துக் காலத்தில் 911 என்னும் எண்ணை அழைப்பர். ஒரு நிறுவனத்தின் கோபுரம் செயலற்றுப் போனால், கைபேசி தானே மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தை நாடி அந்த அழைப்பைச் சேர்ப்பிக்கும். ஆனால் அன்று மைய வலை மாண்டிருந்தபோதிலும் கோபுரங்கள் உயிரோடிருந்தன. தம் அலைகளைப் பரப்பிக்கொண்டேயிருந்தன. கைபேசிகள் அவற்றை நம்பி அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றன. இதனால் பலருடைய ஆபத்து அழைப்புகள் எங்கும் சென்று சேரவில்லை. நிறுவனங்கள் ஆபத்துக் காலத்தில் ஒன்றுக்கொன்று உதவுவதற்கான உடன்பாடு அவ்வாண்டு செப்டம்பரில் ஏற்பட்டது.

இங்கே மாணவர்கள் கூர்ந்து சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு. மூளை மயங்கினாலும் கை தொழிலை விடாதிருப்பது நன்மை என்று முதலில் கண்டோம். கனடாவிலோ, மூளை மாண்ட பின்பும் கை அசைந்துகொண்டிருந்ததே தீமையாயிற்று. இரண்டும் எவ்வாறு பொருந்தும்? நயமான மறுதொடக்கத்தில் ஒரு கால எல்லை உண்டு. “இவ்வளவு நேரம் பொறுத்திருங்கள், அதற்குமேல் என்னை நம்பற்க” என்று நிலையம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. கோபுரங்கள் தம்மை நாடிய கைபேசிகளுக்கு அத்தகைய எச்சரிக்கை எதனையும் தரவில்லை. ஆகவே, தளர்ந்த நிலையிலும் பணி தொடர்வது சிறப்பே. அத்தளர்ச்சியைப் பிறர் அறியச் செய்வதும், எல்லை கடந்தால் விலகிக்கொள்வதும் அதனோடு சேர்ந்தால்தான் அது சிறப்பாகும்.

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் தொகுத்துக்கொள்ளத்தக்கவை சில. நினைவை ஒரே இடத்தில் குவித்தால் அதன் நகல் அண்டை இடங்களில் இருக்க வேண்டும். விழுந்தவர் யார், அறுந்த கம்பி எது என்று பிரித்தறியும் வழி வேண்டும். ஐயத்துக்குரியதை உடனே அழித்தலும் கூடாது. என்றென்றும் வைத்திருத்தலும் கூடாது. எழுவதற்குரிய முறையை, விழுவதற்கு முன்பே பலமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் நாள்தோறும் ஓடும் ஆணைத்தொடரின் பிழைகள் நாள்தோறும் வெளிப்படும், மீட்சிக்கென்று எழுதிய ஆணைத்தொடரின் பிழைகளோ ஆபத்து நாளில்தான் வெளிப்படும்.

நாளை உங்களுள் சிலர் இத்தகைய வலைகளை அமைக்கும் பணியை மேற்கொள்ளக்கூடும். அப்போது உங்கள் மேசையின் மேல் ஓர் அட்டவணையும் சில கால அளவுகளும் மட்டுமே காணப்படும். எத்தனை விநாடி பொறுப்பது, எப்போது கைவிடுவது என்று அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணும், முன்பின் அறியாத யாரோ ஒருவர் நள்ளிரவில் மருத்துவரை அழைக்கும் அழைப்பு சென்று சேருமா சேராதா என்பதை முடிவு செய்வதாக இருக்கலாம்.